நைனாவின் இடது பெருவிரல்

முன்னறையிலிருந்து அந்த இருமல் கேட்டபோது ஜெயபுஷ்பம் சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை வறட்டு இருமல், சற்று நிறுத்தம், பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும் மூன்றாவது. சட்டிக்குள் அவள் கைகள் அப்படியே நின்றுபோயின.

நைனா வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

ஒரு கணம்தான். அப்பாவை நைனா என்று கூப்பிட்டே வளர்ந்தவள் அவள். அந்த நைனாவைப் புதைத்து நாலு வருஷம் ஆகப்போகிறது என்பது அடுத்த கணமே நினைவுக்கு வந்து நெஞ்சை மிதித்தது. உலகத்தில் அதே மாதிரி இருமக்கூடியவன் இன்னும் ஒருவன்தான் மிச்சம்.

அவள் கணவர் அருணகிரி சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் தம்பி வந்திருக்கான்."

"நீங்க எதுக்குக் கதவத் தொறந்தீங்க?"

"பக்கத்து வூட்டுக்காரர் பேப்பர் வாங்க வந்திருக்காருன்னு நெனச்சேன். தொறந்துட்டு மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்தவா முடியும்?"

"அவன் சாத்தினான் இல்ல?"

அருணகிரி சட்டியிலிருந்த மீனைப் பார்த்தபடி சொன்னார். "தண்ணி குடுத்தேன். குடிக்காம கையிலயே வெச்சிக்கினு உக்காந்திருக்கான். பேசறதுன்னா பேசு, போகச் சொல்றதுன்னா போகச் சொல்லு. எதுவானாலும் நீயே சொல்லு புஷ்பம்."

அவள் கைகளைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினாள். மீன் வாசனை போகவில்லை. போகாவிட்டால் என்ன என்று முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவன் எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் திங்கட்கிழமை. வேலூர் மாவட்டக் கோர்ட்டில் பதினோரு மணிக்கு இன்பசேகரன் தன் இடது கைப் பெருவிரலில் மை தடவி ஒரு வெள்ளைத் தாளில் பதிக்க வேண்டும். அந்தத் தாளும் நைனாவின் உயிலும் சேர்ந்து மதராசில் இருக்கும் ரேகை நிபுணருக்குப் போகும். அங்கிருந்து பதில் வந்தால், அவன் வீட்டுக்குப் போவானா ஜெயிலுக்குப் போவானா என்பது தெரிந்துவிடும்.

யார் அந்த இன்பசேகரன்? அம்மா செத்தபோது ஐந்து வயசு. அக்காவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சவப்பெட்டியைப் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்த குழந்தை. அப்போது ஜெயபுஷ்பத்துக்குப் பன்னிரண்டு வயசு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டியது, தலை துவட்டியது, ஆம்பூர் ரயில்வே லைனைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது எல்லாம் அவள்தான். பெற்றால்தான் தாயா? பெறாமலே தாயானவள் அவள். பிற்பாடு அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால், "எனக்கு ஒருத்தன் இருக்கான், ஆம்பூர்ல," என்று சிரிப்பாள். அப்படிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

நைனாவின் பெயர் ஐசக். ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. உப்புப் போட்டு வரும் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால்தான் ரோமம் கழன்று வரும். அந்தக் குழியில் வெறுங்கையை விட்டுத் தோலைப் புரட்டிப் போடுவதும் தூக்கி எடுப்பதும் நைனாவின் வேலை. முப்பத்திரண்டு வருஷம் அதே குழி, அதே சுண்ணாம்பு. கை என்னவாகும்? மேல்தோல் வெந்து, உரிந்து, மறுபடி வெந்து, கடைசியில் விரல் நுனிகள் கோழிமுட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. விரல் மடிப்புகளில் மட்டும் வெடிப்பு. பனிக்காலத்தில் அதிலிருந்து ரத்தம் கசியும்.

தினமும் சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து உட்காருவார். ஜெயபுஷ்பம் விளக்கெண்ணெயைக் கரண்டியில் காய்ச்சி, வெதுவெதுப்பாக எடுத்து வந்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஊரில் பெரிய மனிதர்கள்கூட அவர் கையைத் தொட மாட்டார்கள். அவ்வளவு நாற்றம். கோயிலில் போதகர் கைகுலுக்கும்போது நைனாவுக்கு மட்டும் தலையசைப்பு. அந்தக் கையை உலகத்தில் பிடித்த ஒரே ஆள் மகள்தான்.

"ஜோசியக்காரன் எவனாவது என் கையப் பார்த்தான்னு வெய்யி," என்பார் நைனா, "பொழப்ப வுட்டுட்டு ஓடிருவான். ஒரு கோடு இல்ல பாரு."

"கோடு இல்லாட்டி இன்னா நைனா, எண்ணெய் நல்லா எறங்குது."

"அதுவும் சரிதான்."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகளை நர்ஸிங் படிக்கவைத்தார். அவள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் தம்பியைக் காலேஜுக்கு அனுப்பினாள். அவன் பி.காம். முடித்து அதே டேனரியில், குழிப்பக்கமே போகாத ஆபீஸ் அறையில் உட்கார்ந்தான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1966-ல் அவள் அருணகிரியைக் கல்யாணம் செய்துகொள்ளும்வரை.

அருணகிரி அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவர். நாட்றம்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வர மாட்டார். நைனா சொன்னது ஒரே வார்த்தை. "போ. திரும்பி வராதே." அவளும் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கே ஆம்பூருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதற்குப் பிறகு மாதம் ஒன்று எழுதினாள். அந்தக் கடிதங்களை நைனாவுக்கு யார் படித்துக் காட்டுவது? இன்பசேகரன்தான். நைனா சொல்வதை யார் எழுதி அனுப்புவது? அவனேதான். "நைனாவுக்கு இன்னும் கோபம் தீரல. இப்ப வர வேணாம்." ஒன்பது வருஷமும் அதே வரி. கையெழுத்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டு வந்தது.

1975 ஏப்ரலில் தந்தி வந்தது. நைனா போய்விட்டார்.

வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அந்த ஒன்றேகால் மணி நேரமும் அவள் மடியில் ஒரு சின்ன விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது. எதற்கு எடுத்து வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டு வாசலில் இன்பசேகரன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் அவன் மனைவி கிரேஸி. அவன் கையில் ஒரு தாள்.

"அக்கா, நீ உள்ள வரக் கூடாது. நைனாவே எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

தெருவே கேட்கும்படி அவன் படித்தான். என் சொல்லை மீறி வேற்று மதத்தானை மணந்துகொண்ட மகள் ஜெயபுஷ்பத்துக்கு என் சொத்தில் பங்கு கிடையாது. நான் இறந்தபின் என் முகத்தைப் பார்க்கவும் அவளுக்கு உரிமை கிடையாது.

படித்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

அவள் எதிர்ச்சாரியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஜனங்களின் தோள்களுக்கு நடுவே கறுப்புத் துணி ஒரு முழம் தெரிந்தது. அவ்வளவுதான் அவள் பார்த்த நைனா.

மறு வருஷம் கோர்ட் நோட்டீஸ் வந்தது. உயிலை உறுதிப்படுத்தித் தரும்படி இன்பசேகரன் மனுப் போட்டிருந்தான். ஆட்சேபம் உண்டா என்று மகளைக் கேட்டிருந்தார்கள். ஓட்டு வீடு மூன்று அறை. பக்கத்தில் கொஞ்சம் காலி இடம். அந்த இடத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் கொட்டகை போடப் போகிறான் என்று கேள்வி.

"எனக்கு வூடு வேணாம்," என்றாள் அவள் வக்கீலிடம். "முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு போட்டிருக்கில்ல, அந்த ஒரு வரி நைனா சொன்னது இல்லன்னு யாராவது சொன்னா போதும்."

"அம்மா, கோர்ட்டுல வரிக்குத் தனியா கேஸ் கிடையாது," என்றார் வக்கீல். "உயில் முழுக்க நிக்கணும், இல்ல முழுக்க விழணும்."

அப்படியானால் விழட்டும் என்றாள்.

மூன்று வருஷம் வாய்தா வாய்தாவாகப் போனது. நைட் டியூட்டி முடித்துவிட்டு வெள்ளைப் புடவையோடு கோர்ட் மரத்தடியில் வந்து உட்காருவாள். இன்பசேகரன் எதிர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். அவன் இளைத்துப்போவது அவளுக்குத் தெரியும். காலையில் சாப்பிட்டானா என்று மனசு கேட்கும். கேட்ட மனசை அவளே திட்டுவாள். சாட்சிக்காரர்கள் இருவரில் ஒருவர் செத்துப்போனார். இன்னொருவர் பத்திரம் எழுதுகிறவர். "பெரியவர் என் கண்ணெதிரேதான் வெச்சார்," என்று நாலு முறை சொன்னார். கேஸ் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அவளிடம் இருந்ததெல்லாம் உயிலின் நகல்தான். நகலில் ரேகை இருக்காது. 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுத்தில் மட்டும் இருக்கும். அசல் உயிலை அவள் முதன்முதலாகப் பார்த்தது இந்தப் பிப்ரவரியில், சாட்சிக் கூண்டில் ஏறியபோதுதான். எதிர்த் தரப்பு வக்கீல் அதை அவள் முன்னால் நீட்டினார். "இது உங்க அப்பாவோட ரேகைதானேம்மா? இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவள் பார்த்தாள். சங்கின் சுழி மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக, தெளிவான கோடுகள். ஒரு கோடுகூட அழியவில்லை.

"சொல்லுங்கம்மா."

"எங்க நைனாவுக்கு ரேகையே கெடையாதுங்க," என்றாள்.

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அப்படின்னா?" என்றார். அவள் சொன்னாள். சுண்ணாம்புக் குழியைச் சொன்னாள், முட்டை ஓட்டைச் சொன்னாள், விளக்கெண்ணெயைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை. நாலு வருஷத்துக்குப் பிறகு அவளுடைய நைனா அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். அவர் எழுதவில்லை. அந்த வரியை அவர் சொல்லவில்லை.

அடுத்த வாய்தாவுக்கு டேனரி ரைட்டர் அஹமது பாஷா ஆஜர்ப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். காலையில் வேலைக்கு நுழையும்போது எழுதத் தெரியாத ஆட்கள் விரல் வைக்கும் புத்தகம். உயிலில் போட்டிருந்த தேதி 1973 ஜூன். அந்த மாசத்துப் பக்கத்தைப் புரட்டினார்கள். ஐசக் என்ற பெயருக்கு நேராக இருபத்தைந்து நாளும் இருபத்தைந்து மைக்கறை. கோடு என்று ஒன்றுகூட இல்லை.

"நான் தமாஷ் பண்ணுவேன் சார்," என்றார் பாஷா. "ஈ வந்து உக்காந்த மாதிரி இருக்குதேப்பா உன் ரேகைன்னு. அந்த ஆளு சிரிச்சிக்கினே போவான். நல்ல மனுசன் சார். யாருக்கும் பேஜார் குடுத்ததில்ல." கூண்டை விட்டு இறங்கும்போது இன்பசேகரனைப் பார்த்து நின்றார். "நீ ஆபீஸ்ல ஒக்காந்து இத்தினி வருசமா அந்தப் புக்கப் பாத்தவன்தானே தம்பி. ஒரு தபாவாவது உங்க நைனா பக்கத்தத் தொறந்து பாத்திருக்கலாம்."

அப்படியானால் அந்த ரேகை யாருடையது என்று கேட்டார் நீதிபதி. மனுதாரர் திங்கட்கிழமை தன் விரலைப் பதித்துக் காட்டட்டும் என்றார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம்தான் இது.

ஜெயபுஷ்பம் முன்னறைக்கு வந்தாள். அருணகிரியும் பின்னாலேயே வந்து ஓரமாக உட்கார்ந்தார். இன்பசேகரன் எழுந்து நின்றான். தம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. முப்பத்தாறு வயசுக்குக் காதோரம் அதற்குள் நரைத்திருந்தது.

"உக்காரு."

"நாளைக்கு வெரல வெச்சேன்னா நான் உள்ள போயிடுவேன்கா."

"தெரியும்."

"மூணு புள்ளைங்க இருக்குது. மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். உயில் வேணாம். வூட்ட ரெண்டா பிரிச்சிக்கலாம். ரேகை சமாச்சாரத்த மட்டும் உன் வக்கீல் வுட்டுடணும். உன் கால்ல வேணா விழறேன்."

"விழாத. கையக் காட்டு."

அவன் புரியாமல் விழித்தான். அவளே அவன் இடது கையை எடுத்து விரித்தாள். ரயில்வே லைன் தாண்டும்போது பிடித்துக்கொண்டு போன கை. பெருவிரலில் அதே சங்குச் சுழி.

"ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்," என்றாள். "பொய் சொன்னியானா நாளைக்கு நீ வெரல வெச்சே ஆகணும். நெசத்தச் சொன்னா நான் வக்கீல்கிட்ட பேசறேன். நைனா கடைசியில என்னைக் கேட்டாரா?"

அவன் இருமினான். அருணகிரி எழுந்து உள்ளே போகப் பார்த்தார். அவள் கண்ணாலேயே அவரை உட்காரவைத்தாள்.

"பதினோரு நாளு படுத்திருந்தாரு," என்று தொடங்கினான் இன்பசேகரன். "நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. நான் உனக்குச் சொல்லி அனுப்பல. நீ வந்தா மனசு மாறிடுவாருன்னு." நிறுத்தினான். "மாறத்துக்கு ஒண்ணும் இல்லக்கா. கல்யாணமாகி ரெண்டு வருசத்திலயே அவரு கோவம் போயிடுச்சு. வரச் சொல்லி எழுதுடான்னு சொல்லிக்கினே இருப்பாரு. நான்தான் எழுதல. அவர்கிட்ட, அக்காவுக்கு இஷ்டமில்லையாம்னு சொல்லிட்டேன்."

அவள் அவன் கையை இன்னும் விடவில்லை.

"அந்த உயிலு?"

"அவரு படுத்தப்புறம்தான் எழுதினோம். ரெண்டு வருசம் முன்தேதி போட்டு. மொதல்ல..." அவன் முகம் கோணியது. "மொதல்ல நைனா வெரலத்தான் வெச்சேன்கா. அவரு கண்ண மூடிக்கினு இருந்தப்ப மையத் தடவி அழுத்தினேன். வெறும் கறையா விழுந்துச்சு. இன்னொரு தபா வெச்சேன். அதுவும் கறை. பத்திரக்காரன் பாத்துட்டு, இது ரேகையே இல்லப்பா, மைக்குப்பி கவுந்த மாதிரி இருக்குது, கோர்ட்டுல தள்ளிடுவாங்க, வேற பேப்பர்ல சுத்தமா வெச்சிக் குடுன்னான். அதான் என் வெரல..."

அருணகிரி தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தக் கறைதான் ஐசக்கின் கையெழுத்து. அதை அப்படியே கோர்ட்டில் கொண்டுவந்து வைத்திருந்தால் யாராலும் அசைத்திருக்க முடியாது. ஊரெல்லாம் அறிந்த கறை, பெற்ற மகனுக்குத் தெரியவில்லை.

"அப்புறம்?" என்றாள் ஜெயபுஷ்பம். "கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

இன்பசேகரன் குனிந்துகொண்டான். வார்த்தைகள் தரையைப் பார்த்து வந்தன.

"மை தடவறதுக்கு அவரு கையப் பிடிச்சேன் இல்ல. அதுக்கு முன்னால நான் பிடிச்சதே இல்லக்கா. பிடிச்சதும், கண்ணத் தொறக்காமலே, புஷ்பம் வந்துட்டியான்னு கேட்டாரு."

சமையற்கட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடாமல் வந்திருந்தாள்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லல?"

"எண்ணெய் சூடா இருக்குதான்னு கேட்டாரு. நான் மையத் தடவிக்கினு இருந்தேன். நல்லா தேயின்னு ரெண்டு கையையும் நீட்டினாரு."

அவள் அவன் கையை விட்டாள். மெதுவாக, உடையக்கூடிய ஒன்றைக் கீழே வைப்பதுபோல விட்டாள். நாலு வருஷமாக அவள் அழுதது, நைனா தன்னை வெறுத்துவிட்டாரே என்று. போன மாதம் கோர்ட்டில் அந்த அழுகை தீர்ந்தது என்று நினைத்தாள். வெறுத்தவரை நினைத்து அழுவது சுலபம் என்று இப்போதுதான் தெரிந்தது. காத்திருந்தவரை நினைத்து எப்படி அழுவது? ஒன்றேகால் மணி நேரப் பஸ் தூரத்தில், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தவரை?

"அந்தப் பேப்பர் எங்க? நைனா கறை விழுந்தது."

"அடுப்புல போட்டுட்டேன்."

அவள் தலையாட்டினாள். வெகு நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அருணகிரி பயந்துபோய், "புஷ்பம்," என்றார்.

"ஒண்ணுமில்லங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது மீன் வாசனை வந்தது. குரல் வார்டில் நோயாளிகளிடம் பேசும் குரலாகிவிட்டது. "சேகரு, நல்லா கேட்டுக்க. நாளைக்குக் காலையில மனுவை வாபஸ் வாங்கு. நீ வெரல வெக்க வேணாம். அந்த ரேகை நைனாவோடது இல்லன்னு நான் சொல்லிட்டேன். யாரோடதுன்னு என் வாயால வராது."

"அக்கா..."

"இன்னும் முடிக்கல. வூட்டுல பாதி எனக்கு. மொதல்ல வேணாம்னுதான் சொன்னேன். இப்ப வேணும். நைனா படுத்திருந்த அந்த உள்ரூம் என் பங்குல வரணும். நான் அங்க குடியேற மாட்டேன், வாடகைக்கும் வுட மாட்டேன். பூட்டி வெப்பேன். அது என் இஷ்டம்."

"சரிக்கா. நீ சொன்னபடியே." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிளம்ப மனமில்லாதவன்போல நின்றான். உள்ளேயிருந்து குழம்புக்குக் கரைத்து வைத்த புளியின் வாசனை வந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை மீனுக்காகக் கோயிலிலிருந்து ஓட்டமாக ஓடி வருகிறவன் அவன். "அக்கா, என்னை மன்னிச்சிட்டியா?"

எத்தனையோ நாள் அவன் கேட்காமலே மன்னித்திருக்கிறாள். சிலேட்டை உடைத்தபோது, ஃபீஸ் கட்டக் கொடுத்ததில் சினிமாவுக்குப் போனபோது. இன்றைக்கு அவள் வாய் திறக்கும் என்று அவளே ஒரு கணம் எதிர்பார்த்தாள். திறக்கவில்லை.

"பஸ் போயிடும்," என்றாள். "கிளம்பு."

அவன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தான். அருணகிரியைப் பார்த்து, "வர்றேன் மாமா," என்றான். பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக மாமா என்று கூப்பிட்டான். அருணகிரி எழுந்து தலையசைத்தார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை.

படி இறங்கும்போதே இன்பசேகரனுக்கு இருமல் வந்துவிட்டது. இரண்டு வறட்டு இருமல், ஒரு நிறுத்தம், பிறகு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வருவது. ஜெயபுஷ்பம் வாசலில் நின்று கேட்டாள். கண்ணை மூடினால் நைனா நடந்துபோவது மாதிரியே இருந்தது. கூப்பிடலாம் என்று தோன்றியது. கை இரண்டும் தாமாகவே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

அந்த இருமல் தெருமுனை திரும்புவதற்குள் அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.